கிடாவுக்கு மாட்டுத் தாது உப்பு வைத்தேன்

அப்பா 2022 ஐப்பசியில் போனார். எங்கள் வீடு கொளத்தூரில். சோழவரத்துக்குப் பக்கத்தில் ஒன்றே கால் ஏக்கர் நிலம், அதில் 23 பெட்டைச் செம்மறி, ஒரு கிடா. விற்றுவிடு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. காலையில் ஆறு மணிக்குப் பட்டிக்குப் போவேன், பத்து மணிக்கு ஒரு பள்ளி அலுவலகத்தில் கணக்கு எழுத உட்காருவேன், சாயங்காலம் மறுபடி பட்டி. மேய்ப்பதற்கு அப்பா காலத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். அவரைத் தாத்தா என்று கூப்பிடுவேன், அவருக்கு நான் இன்னமும் பாப்பா. மற்றபடி கேட்க ஆள் இல்லை. மருந்து, தீவனம், விற்பனை எல்லாவற்றையும் நானே தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டேன். அந்தத் தடுமாற்றத்தில் ஒரு கிடாவையும் சுமார் 82,000 ரூபாயையும் இழந்தேன். செம்மறி வளர்க்கிற யாராவது, முக்கியமாக என்னைப் போல் திடீரென்று பொறுப்புக்கு வந்தவர்கள், இதைப் படித்தால் அந்தத் தவறைச் செய்யமாட்டார்கள் என்றுதான் எழுதுகிறேன்.

கிடாவின் பெயர் செவலை. எங்கள் பக்கத்து நாட்டு இனம், மெட்ராஸ் சிவப்பு என்று சொல்வார்கள். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கம் பட்டிகளில் பார்க்கிற செம்பழுப்பு ஆடு. கம்பளி கிடையாது, முடிதான், கறிக்காக வளர்ப்பது. பெட்டைக்குக் கொம்பு இருக்காது, கிடாவுக்கு முறுக்கிய கொம்பு. செவலைக்கு நெற்றியில் ஒரு வெள்ளைக் கோடு. 36 கிலோ, நாலு பல்லு, அதாவது இரண்டு வயசு வாக்கில். அப்பா கையால் பால் புகட்டி வளர்த்தது, அதனால் என் காலடிச் சத்தம் கேட்டாலே தலையை ஆட்டிக்கொண்டு வரும்.

2023 தை மாதம் கிடாக் கொட்டகையின் கீற்று மக்கிப்போயிருந்தது. அந்தச் சமயத்தில் பக்கத்து ஊரில் இரண்டு பட்டிகளில் ஆடு திருடு போனது. நான் பயந்து, கிடாவுக்கு மட்டும் நாலு பக்கமும் சுவர் எழுப்பி, மேலே தகர ஷீட் போட்டு, பூட்டு மாட்டினேன். பெட்டைகளுக்குப் பழைய கீற்றுக் கொட்டகையே இருந்தது. சித்திரை பிறந்ததும் தாத்தா சொன்னார், "கிடாவ மரத்தடியில கட்டு பாப்பா, உங்கப்பா அப்படித்தான் கட்டுவாரு." பகலில் நான் இல்லாத நேரத்தில் புங்க மரத்தடியில் கட்டிவிட்டுப் போனால் யாராவது அவிழ்த்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த வருஷக் கத்திரியில் சென்னையில் 40 டிகிரியைத் தாண்டிய நாட்கள் இருந்தன. மத்தியானம் அந்தத் தகரத்துக்கு அடியில் நான் ஐந்து நிமிஷம் நின்றிருந்தால்கூட விஷயம் புரிந்திருக்கும். நான் அந்த நேரத்தில் பள்ளியில் மின்விசிறிக்குக் கீழே இருந்தேன்.

ஜூன் முதல் தேதி செவலையைப் பெட்டைகளோடு விட்டேன். அன்றிலிருந்து இரவும் பெட்டைகளோடு கீற்றுக் கொட்டகையில்தான் அது தூங்கியது. இந்தச் சின்ன விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் பெரிய விஷயமாக வரப்போகிறது. செவலை ஏறியது, சுறுசுறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் 17 நாள் கழித்து அதே பெட்டைகள் மறுபடி பருவத்துக்கு வந்தன. இன்னொரு 17 நாள், மறுபடியும். ஜூலை பாதியில் கணக்குப் பார்த்தால் நாலே நாலு ஆடுதான் சினை நின்ற மாதிரி தெரிந்தது. எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. அப்பா நன்றாக வைத்திருந்த பட்டியை ஒரே வருஷத்தில் நான் கெடுத்துவிட்டேனே என்று அழுதிருக்கிறேன்.

முதலில் நான் சந்தேகப்பட்டது பெட்டைகளை. கிடா ஏறுகிறதே, அதற்கு என்ன குறை என்று நினைத்தேன். ஏறுவது வேறு, சினை பிடிக்க வைப்பது வேறு என்பது அப்போது தெரியாது. பெட்டைகளுக்குப் பருவ ஊசி, வைட்டமின் ஊசி, டானிக் என்று 6,200 ரூபாய் செலவு செய்தேன். மூன்று பெட்டைகளை மலடு என்று முடிவு கட்டி, கறிக்காரரிடம் தலைக்கு 5,500-க்குக் கொடுத்துவிட்டேன். மூன்றும் போன வருஷம் குட்டி போட்டவை. வண்டியில் ஏற்றும்போது ஒன்று திரும்பித் திரும்பிக் கத்தியது. அது இன்னும் என் காதில் இருக்கிறது, அவற்றில் குறையே இருந்திருக்காது என்று இப்போது தெரிவதால் இன்னும் அதிகமாக.

இங்கே நிறுத்தி ஒன்று சொல்லிவிடுகிறேன். நிறைய பெட்டைகள் ஒரே நேரத்தில் சினை பிடிக்காமல் போனால் முதலில் பார்க்க வேண்டியது கிடாவை. ஒரு பெட்டையில் குறை இருந்தால் ஒரு குட்டிதான் போகும். கிடாவில் குறை இருந்தால் அந்தப் பருவமே போய்விடும். செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. கிடாவின் நெஞ்சில் காவியை எண்ணெயில் குழைத்துத் தடவிவிடுங்கள். ஏறிய பெட்டையின் பின்பக்கத்தில் காவி ஒட்டும், தேதியைக் குறித்துக்கொள்ளலாம். 16 நாள் ஆனதும் நிறத்தை மாற்றுங்கள், காவிக்குப் பதில் நீலம். முதலில் காவி பட்ட ஆட்டின் மேலேயே நீலமும் பட்டால் அது சினை நிற்கவில்லை. ஒன்றிரண்டு ஆட்டில் அப்படிப் பட்டால் அந்த ஆட்டைப் பாருங்கள். பாதி ஆட்டில் பட்டால் கிடாவைப் பாருங்கள். ஐம்பது ரூபாய் சாமான். எனக்கு இது தெரிந்திருந்தால் ஜூன் கடைசியிலேயே விஷயம் புரிந்திருக்கும்.

ஜூலை 20 தேதி வாக்கில் ஒரு தீவனக் கடையில் என் கவலையைச் சொன்னேன். கடைக்காரர், "அக்கா, கிடாவுக்கு ஜிங்க் கம்மியா இருக்கும், தாது உப்பு வைங்க, பத்து நாள்ல பாருங்க" என்று மாட்டுப் படம் போட்ட பை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். துத்தநாகம் (அதுதான் ஜிங்க்), கால்சியம் என்று பல தாதுக்கள் கலந்த பொடி. 5 கிலோ, 900 ரூபாய். பையில் கறவை மாட்டுக்கு 50 கிராம், கன்றுக்கு 20 கிராம் என்று இருந்தது. செம்மறி என்ற சொல்லே இல்லை. கிடாவும் கன்றும் கிட்டத்தட்ட ஒரே எடைதானே என்று 20 கிராம் தொடங்கினேன். அடுத்த முறை போனபோது, இனப்பெருக்கத்துக்கு விட்ட கிடா என்றால் இரண்டு மடங்கு வைக்கலாம் என்றார். 40 கிராம் ஆக்கினேன். அதோடு பட்டியில் ஒரு தாது உப்புக்கட்டியும் கட்டித் தொங்கவிட்டேன். ஏற்கெனவே கிடாவுக்கு மாட்டுத் தீவனம்தான் வைத்துக்கொண்டிருந்தேன், அந்த மூட்டையிலும் தாது உப்பு கலந்தே வரும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் பாதியிலிருந்து பெட்டைகள் சினை நிற்க ஆரம்பித்தன. மறுபடி பருவத்துக்கு வரவில்லை. செப்டம்பர் கடைசிக்குள் மீதியிருந்த ஆடுகளில் முக்கால்வாசி நின்றுவிட்டன. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! தாது உப்புதான் காப்பாற்றியது என்று நம்பினேன். பாடியநல்லூர்ப் பக்கம் பட்டி வைத்திருக்கும் ஓர் அண்ணனுக்கும் போன் போட்டு, இந்தப் பையை வாங்கி வையுங்கள் என்று சொன்னேன். வேலை முடிந்த பிறகும் செவலைக்கு 40 கிராமை நிறுத்தவில்லை. முடி பளபளவென்று இருந்தது, நன்றாகச் சாப்பிட்டது, எதற்கு நிறுத்த வேண்டும் என்று நினைத்தேன். அக்டோபரிலிருந்து பெட்டைகளின் தொட்டியிலும் கொஞ்சம் தூவ ஆரம்பித்தேன்.

அப்புறம் மிக்ஜாம் புயல். டிசம்பர் 3, 4 இரண்டு நாளும் கொட்டிய மழை சென்னைக்காரர்கள் யாருக்கும் மறக்காது. கொளத்தூரில் எங்கள் தெருவிலேயே முழங்கால் தண்ணீர். மூன்று நாள் என்னால் பட்டிக்குப் போக முடியவில்லை. தாத்தா ஆடுகளை மேட்டுக்கு ஓட்டிக் காப்பாற்றினார். ஆனால் இரண்டு நாள் சரியான தீனி இல்லை, நனைந்தபடி நின்றன. 7 தேதி காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது செவலை எழுந்து வரவில்லை. சுவரோரமாகத் தலையைத் தொங்கவிட்டு நின்றது, மூச்சு வேகமாக வாங்கியது. நான் பக்கத்தில் போய் நின்றபோது சிறுநீர் விட்டது. ஈர சிமென்ட் தரையில் ஓடியதைப் பார்த்ததும் எனக்குக் கை கால் உதறியது. காபி டிகாக்ஷன் நிறம். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், உள்ளே மஞ்சள் தடவிய மாதிரி இருந்தது. ஈறும் மஞ்சள். நேற்று மத்தியானத்திலிருந்து இப்படித்தான் பாப்பா என்று தாத்தா சொன்னார். அவரிடம் போன் இல்லை, இருந்திருந்தாலும் அன்றைக்கு டவர் இல்லை.

அரசுக் கால்நடை மருந்தக டாக்டர் மத்தியானம் தண்ணீரைத் தாண்டி வந்து சேர்ந்தார். சின்ன வயசுப் பெண். கண்ணைப் பார்த்தார், சிறுநீரைப் பார்த்தார், பிறகு கொட்டகை மூலையில் இருந்த பையைப் பார்த்தார். "அக்கா, இதையா வைக்கிறீங்க? எத்தனை நாளா?" என்று கேட்டார். ஜூலையிலிருந்து என்றேன். அவர் முகம் மாறியது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. ஊசிகள் போட்டார், குளுக்கோஸ் ஏற்றினார். சிறுநீர் இந்த நிறத்துக்கு வந்துவிட்டால் காப்பாற்றுவது மிகவும் கஷ்டம் என்று மறைக்காமல் சொன்னார். மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு, தலையை என் மடியில் வைத்திருந்தபோதே செவலை போய்விட்டது.

டாக்டர் காலையில் வந்து அறுத்துப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன், பார்த்தே ஆகவேண்டும் என்று தோன்றியது. கொழுப்பு, தோலுக்கு அடிப்பக்கம், எல்லாம் மஞ்சள். ஈரல் ஆரஞ்சும் மஞ்சளுமாக, விரல் வைத்தால் நொறுங்கும்போல் இருந்தது. சிறுநீரகங்கள் இரண்டும் கருநீலமாக, துப்பாக்கிக் குழாய் மாதிரி ஒரு மினுமினுப்போடு இருந்தன. ஈரலில் ஒரு துண்டை மாதவரத்தில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அதில் செம்பு, அதாவது காப்பர், இருக்க வேண்டிய அளவைப் போலப் பல மடங்கு என்று முடிவு வந்தது.

டாக்டர் எனக்கு விளக்கியதை அப்படியே சொல்கிறேன். செம்பு எல்லா உயிருக்கும் வேண்டும், செம்மறிக்கும் வேண்டும். ஆனால் மாட்டின் ஈரல் மிஞ்சிய செம்பைப் பித்தத்தோடு வெளியே தள்ளிவிடும், செம்மறியின் ஈரலுக்கு அந்தத் திறமை குறைவு. வைக்க வைக்கச் சேர்த்துக்கொண்டே போகும். மாதக் கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒரு நாள் பட்டினி, பயணம், மழை, நோய் என்று ஏதாவது ஓர் அதிர்ச்சி வந்ததும் ஈரலில் இருந்த செம்பு மொத்தமாக ரத்தத்தில் இறங்கும். சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீரில் வரும். ஒன்றிரண்டு நாளில் கதை முடிந்துவிடும். புயல் வெறும் சாக்குதான், வெடி மருந்தை நான் ஐந்து மாதமாகக் கையால் அள்ளி அள்ளி வைத்திருக்கிறேன்.

அன்றே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். எல்லோருக்கும் பயன்படும் என்பதால் முழுதாகச் சொல்கிறேன். அந்தப் பையில் ஒரு கிலோவுக்குச் செம்பு 1,000 மில்லிகிராம் கணக்கு. அப்படியானால் ஒரு கிராமில் 1 மில்லிகிராம், நான் வைத்த 40 கிராமில் 40 மில்லிகிராம். செவலை ஒரு நாளில் தின்னும் தீனியை ஈரம் போக உலர்ந்த எடையாகக் கணக்கிட்டால் சுமார் 1.2 கிலோ. 40-ஐ 1.2-ஆல் வகுத்தால், ஒரு கிலோ தீனிக்கு 33 மில்லிகிராம். தீனியிலேயே இயல்பாக இருக்கும் செம்பும், மாட்டுத் தீவனத்தில் இருந்ததும், உப்புக்கட்டியில் நக்கியதும் இதற்கு மேலே. செம்மறி தாங்கக்கூடிய உச்ச அளவு ஒரு கிலோ தீனிக்கு 15 மில்லிகிராம்தான் என்று கால்நடை ஊட்டச்சத்து நூல்கள் சொல்கின்றன. மாட்டுக்கு அது 40. மாட்டுக்கே உச்சமான அளவை நான் செம்மறிக்குத் தினமும் வைத்திருக்கிறேன். இத்தனைக்கும் நான் கணக்கு எழுதும் வேலை பார்க்கிறவள். பையின் பின்பக்கத்தில் எல்லா எண்ணும் இருந்தது, ஒரு வகுத்தல் போதும், போடவில்லை.

ஆகவே தாது உப்புப் பை வாங்கும்போது முன்பக்கப் படத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தில் செம்பு அல்லது காப்பர் என்ற வரியைத் தேடுங்கள். இன்னொரு சிக்கல் நம் மொழியிலேயே இருக்கிறது. சில பைகளில் "ஆடுகளுக்கு" என்று போட்டிருக்கும். வெள்ளாட்டுக்கும் ஆடு, செம்மறிக்கும் ஆடு. ஆனால் வெள்ளாடு செம்பைச் செம்மறியைவிட அதிகம் தாங்கும், அதற்குத் தேவையும் அதிகம். வெள்ளாட்டுக்கென்று தயாரித்ததைச் செம்மறிக்கு வைத்தால் அதுவும் ஆபத்துதான். கடையில் "செம்மறிக்கா, வெள்ளாட்டுக்கா?" என்று தெளிவாகக் கேளுங்கள். கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்றால் வாங்காமல் வந்துவிடுங்கள். மாட்டுத் தீவனம், தாது உப்பு, உப்புக்கட்டி, டானிக் என்று ஒன்றின் மேல் ஒன்றாகப் போடாதீர்கள், எல்லாவற்றிலும் அதே தாதுக்கள் வரும். முக்கியமாக செலினியம். அது விந்தணுவின் வால் பகுதிக்கு அவசியம், குறைந்தால் வால் ஒடிந்து நீந்த முடியாமல் போகும். ஆனால் வேண்டிய அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறைவு. அதை டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது.

சரி, ஆகஸ்டில் பெட்டைகள் சினை நின்றதே, அது தாது உப்பால்தானே என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் என்னையே தேதிகளைச் சொல்லச் சொன்னார். தாது உப்பு தொடங்கியது ஜூலை 20. சினை நிற்க ஆரம்பித்தது ஆகஸ்ட் 15 வாக்கில். நடுவில் 26 நாள். செம்மறிக் கிடாவின் விதையில் ஒரு விந்தணு உருவாக 49 நாள் ஆகும், அது முதிர்ந்து வெளியே வர இன்னும் சுமார் இரண்டு வாரம். ஆகஸ்ட் 15 அன்று வேலை செய்த விந்து ஜூன் 13 வாக்கிலேயே உருவாகத் தொடங்கியது. அப்போது தாது உப்புப் பை கடையில் இருந்தது. "அதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்னக்கா மாத்துனீங்க?" என்று கேட்டார். நான் ஒன்றும் மாற்றவில்லை என்றேன். தாத்தாதான் பின்னால் நின்றபடி, "தகரக் கொட்டாயிலேர்ந்து கீத்துக் கொட்டாய்க்கு வந்துச்சே" என்றார்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. விதைப்பை உடலுக்கு வெளியே தொங்குவதே அது உடம்பைவிட 4, 5 டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். சூடு ஏறினால் உருவாகிக்கொண்டிருக்கும் விந்தணுக்கள் கெட்டுவிடும். கிடா தெம்பாக இருக்கும், ஏறும், ஆனால் சினை பிடிக்காது. சூடு நின்று இரண்டு மாதம் ஆனால் தானாகச் சரியாகிவிடும். அப்பா சித்திரையிலும் வைகாசியிலும் கிடாவைப் புங்க மரத்தடியில் கட்டியதற்குக் காரணம் இதுதான். அவர் எந்தப் புத்தகமும் படித்ததில்லை. நான் அதைக் கேட்காமல் தகரம் போட்டேன், பெட்டைகளை விற்றேன், தாது உப்பு வைத்தேன். செவலைக்குக் குறையே இல்லாமல் இருந்திருக்கலாம்.

அதனால் கிடா சினை பிடிக்க வைக்கவில்லை என்றால் இன்றைக்கு என்ன குறை என்று பார்க்காதீர்கள். நாள்காட்டியை எடுத்து இரண்டு மாதம் பின்னால் போங்கள். அப்போது கடும் வெயிலா, காய்ச்சல் வந்ததா, கோமாரி, நீலநாக்கு என்று ஏதாவது வந்து போனதா, தீனி இல்லாமல் இளைத்ததா என்று யோசியுங்கள். ஊட்டம் கொடுப்பதாக இருந்தாலும் கிடாவை விடுவதற்கு இரண்டு மாதத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். பத்து நாளில் பாருங்கள் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இதைப் படித்துவிட்டுத் தாது உப்பே வேண்டாம் என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். துத்தநாகம் உண்மையிலேயே கிடாவின் விதைக்கு உயிர்நாடி. ஆஸ்திரேலியாவில் செம்மறிக் கிடாக்குட்டிகளை வைத்துச் செய்து 1969-இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பற்றி டாக்டர் சொன்னார். தீவனத்தில் கிலோவுக்கு 17 மில்லிகிராம் துத்தநாகம் இருந்தபோது உடல் நன்றாக வளர்ந்தது, ஆனால் விதை சரியாக வளரவில்லை. 32 கொடுத்தபோதுதான் விதையும் விந்தும் சரியாக வந்தன. பார்க்க வாட்டசாட்டமாக இருக்கும் கிடாவுக்கும் உள்ளே குறை இருக்கலாம் என்பது இதிலிருந்து தெரிகிறது. துத்தநாகம் ரொம்பக் குறைந்தால் காலிலும் முகத்திலும் விதைப்பையிலும் தோல் தடித்துப் பொருக்குக் கட்டும், முடி கொட்டும். இன்னொன்று, சுண்ணாம்புச் சத்தை மிதமிஞ்சிக் கொடுத்தால் துத்தநாகம் உடலில் சேருவது குறையும். மாட்டுக் கலவையில் கால்சியம்தான் பெரும் பங்கு. ஜிங்க்குக்காக என்று நான் வைத்த கலவையே அதற்கு எதிராகவும் வேலை செய்திருக்கலாம். தவிட்டையும் தானியத்தையும் மட்டும் அள்ளி வைப்பதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. அவற்றில் பாஸ்பரஸ் அதிகம், கிடாவுக்குச் சிறுநீர்க்குழாயில் கல் அடைக்கும். கிடா முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் 1962 எண்ணுக்குக் கூப்பிடுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

செவலை போன அன்று மத்தியானமே பாடியநல்லூர் அண்ணனுக்குப் போன் செய்தேன். டவர் கிடைக்கவில்லை. ஆட்டோவுக்கு 400 ரூபாய் கொடுத்து நேரிலேயே போனேன். அவர் இரண்டு மாதமாகக் கிடாவுக்கும் பதினைந்து பெட்டைக்கும் அதே பையை வைத்துக்கொண்டிருந்தார், நல்லவேளையாகக் குறைந்த அளவில். நான் சொன்னதைக் கேட்டு அவர் என்னைத் திட்டவில்லை. பையை எடுத்துக் கொண்டுபோய்த் தன் பசு கட்டியிருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்து, "நீ சாப்டியாம்மா?" என்று கேட்டார். என் பட்டியில் ஆறு பெட்டைகளுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் இரண்டுக்கு ஈரல் பாதிப்பு தெரிந்தது. டாக்டர் மாலிப்டினம் சேர்ந்த மருந்தைக் கணக்குப் பார்த்து எழுதிக் கொடுத்தார், செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்ற. சினையாடுகளை அதட்டி ஓட்டக்கூடாது, பட்டினி போடக்கூடாது என்றார். இரண்டும் பிழைத்தன.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். விற்ற மூன்று பெட்டைக்குப் பதில் வாங்க 27,000, விற்றது 16,500, ஆக நஷ்டம் 10,500. ஊசி, டானிக் 6,200. தாது உப்பு மூன்று பை 2,700. டாக்டர் எழுதிய மருந்து, ஆய்வகம், வண்டி 3,500. புதுக் கிடா 24,000. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய அடி பக்ரீத். ஜூனில் சினை நின்றிருந்தால் குட்டிகள் அக்டோபர் கடைசியிலிருந்து பிறந்து, 2024 ஜூன் 17 பக்ரீத்துக்கு ஏழு மாதத்தைத் தாண்டியிருக்கும். தை மாதம் பிறந்ததால் ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது, வாங்க வந்தவர்கள் வயதைக் கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஏழு கிடாக்குட்டி, தலைக்கு 5,000 குறைந்து போனது, 35,000.

புதுக் கிடாவை 2024 மாசியில் வாங்கினேன். இந்த முறை விந்து பரிசோதிக்காமல் பணம் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒருவர், "கிடாவுக்கெல்லாம் டெஸ்ட்டா?" என்று கோபப்பட்டார். அப்புறம் ஒத்துக்கொண்டார். அந்தக் கிடா 42 கிலோ, கொம்பு இரண்டு சுற்று, பார்த்தவுடன் ஆசை வரும். டாக்டர் எடுத்த விந்து கழுநீர் மாதிரி மெலிதாக இருந்தது. நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னார். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில அசைந்தன, மீதி மிதந்துகொண்டிருந்தன. வேண்டாம் என்றோம். இரண்டாவது இடத்தில் பார்த்தது 33 கிலோதான், ஒரு காதில் கிழிசல். விந்து பாலாடை மாதிரி கெட்டியாக வந்தது. கண்ணாடித் தகட்டில் ஒரு துளி வைத்துப் பார்த்தபோது தனித்தனியாக ஒன்றும் தெரியவில்லை. காற்றில் சுழலும் மேகம் மாதிரி முழுவதும் அலை அலையாகப் புரண்டுகொண்டிருந்தது. நான் கண்ணை எடுக்கவே இல்லை. கையால் எப்படிப் பார்ப்பது என்பதையும் டாக்டர் கற்றுக்கொடுத்தார். இரண்டு விதையும் ஒரே அளவாக இருக்க வேண்டும். அழுத்தினால் அரைப்பழக் கொய்யா மாதிரி இறுக்கமாக, துள்ளலாக இருக்க வேண்டும். கொழகொழவென்று இருந்தாலும் கல் மாதிரி கெட்டியாக இருந்தாலும் எங்காவது முடிச்சு தட்டுப்பட்டாலும் வாங்கக்கூடாது.

தகர ஷீட்டை எடுத்துவிட்டு மறுபடி கீற்றே போட்டேன். திருட்டுப் பயத்துக்கு ஒரு கேமரா வைத்திருக்கிறேன். சித்திரை, வைகாசியில் காலை பத்து மணிக்குத் தாத்தா கிடாவைப் புங்க மரத்தடியில் கட்டி, பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி வைக்கிறார். செம்மறிக்கென்று இருக்கும் தாது உப்பு, டாக்டர் எழுதிக் கொடுத்தபடி கிடாவுக்கு நாளைக்கு 8 கிராம். சமையலறைத் தராசில் ஒரு தடவை நிறுத்துப் பார்த்து, அந்த அளவு பிடிக்கிற ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கொட்டகைத் தூணில் நூலால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். கண் மதிப்பில் அள்ளுவதை அடியோடு விட்டுவிட்டேன்.

செவலையின் குட்டிகள் பொங்கல் வாரத்தில் பிறக்க ஆரம்பித்தன. ஒரு கிடாக்குட்டிக்கு நெற்றியில் அதே வெள்ளைக் கோடு. அதை நானே வைத்துக்கொள்ள ஆசைதான், ஆனால் என் பட்டியில் பாதிப் பெட்டைகள் அதற்கு அக்கா தங்கை முறை, விடக்கூடாது. கறிக்குக் கொடுக்கவும் மனசில்லை. பாடியநல்லூர் அண்ணனிடம் கேட்டேன், அவருடைய கிடாவுக்கும் வயசாகிவிட்டது என்றார். இரண்டு பெட்டைக்குட்டிகளை எனக்குக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டார். ஒன்றரை வயசுக்குப் பிறகு டாக்டர் விந்து பார்த்து, சரி என்று சொன்னார். இப்போது அவர் பட்டியில் அதுதான் கிடா.